காட்டோரப் புல்லில் இருந்த பச்சைப் பல்லி: இது சீனத்துப் புல் பல்லியா, நம் மலை ஓணானா?

பனிக்கொழுந்து

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கை மலைநாட்டில் பட்டிப்பொல பக்கம் மரக்கறி செய்கிறோம், லீக்ஸும் உருளைக்கிழங்கும்தான் கூட. மேல் பாத்திகளுக்கு மேலே ஒரு கான், அதாவது தண்ணீர் வாய்க்கால், ஓடுகிறது, கானுக்கு அந்தப் பக்கம் உயரமான புல்லும் குட்டை மூங்கிலும் புதரும் கலந்த ஒரு துண்டு நிலம், அதைத் தாண்டினால் காடு. அந்தத் துண்டில் புல் அறுக்கப் போனபோது ஒரு பல்லியைப் பார்த்தேன். வீட்டுப் பல்லி இல்லை, வேலியில் தலையாட்டுகிற சாதாரண ஓணானும் இல்லை.

மங்கலான பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். வாயோரத்தில் தொடங்கித் தோள் வரைக்கும் வெளிறிய ஒரு கோடு. வாலில் பட்டை பட்டையாக இருந்தது. மொத்த நீளம் என் கையில் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை வராது. எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால் அது ஓடவே இல்லை. நான் கத்தியோடு பக்கத்தில் நிற்கிறேன், அது வாலைத் தண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறது, கண் மட்டும் என் பக்கம் திரும்புகிறது.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது சீனாவில் காட்டுக்குள் வாழும் புல் பல்லி ஒன்றின் படம் கிடைத்தது, டாக்கிட்ரோமஸ் சில்வாட்டிகஸ் என்று போட்டிருந்தார்கள். பச்சை, ஒல்லி, புல்லில் வாழ்வது என்று எல்லாம் ஒத்துப்போகிற மாதிரித் தெரிகிறது. அது இலங்கையிலும் இருக்கிறதா? இல்லையென்றால் நான் பார்த்தது எது? ஃபோனில் எடுத்த படம் பனியில் மங்கிவிட்டது, அதனால் போடவில்லை. பெரியப்பா அந்தத் துண்டை வெட்டி இன்னும் சில பாத்தி போடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

ஹக்கலைக்காரன்

வணக்கம் தம்பி. டாக்கிட்ரோமஸ் இனம் ஒன்றுகூட இலங்கையில் இல்லை, அதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஜப்பான், தாய்வான், சீனா, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா என்று கிழக்குப் பக்கம்தான் அவற்றின் வீடு. மேற்கே வந்தால் வடகிழக்கு இந்தியா, அசாம், காசி மலை வரைக்கும் வருகின்றன, அதோடு சரி. தென்னிந்தியாவுக்கே வரவில்லை, பிறகு எப்படிக் கடல் தாண்டி இங்கே வரும்? நீங்கள் படத்தில் பார்த்த சில்வாட்டிகஸை 1928இல் க்ளிஃபோர்ட் போப் என்ற அமெரிக்கர் ஃபூஜியன் மாகாணத்து மலைக்காட்டிலிருந்து விவரித்தார்.

அந்தக் குடும்பத்து உறவு என்று பார்த்தால் நம் நாட்டில் ஒஃபிசொப்ஸ் என்கிற சின்னப் பல்லிகள் உண்டு. ஆனால் அவை வெயில் அடிக்கிற வறண்ட பக்கத்தில் வெறுந்தரையில் ஓடித் திரிகிறவை, பட்டிப்பொல குளிரில் அவற்றுக்கு வேலை இல்லை.

பச்சை, புதர், காட்டோரம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது கருங்கன்ன ஓணான், கலோட்டஸ் நிக்ரிலாப்ரிஸ். ஹக்கலை, நுவரெலியா, அம்பேவெல, ஹோட்டன் சமவெளி எங்கும் இருக்கிறது. சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கிற அந்த முள்ளுப் புதர் இருக்கிறதே, வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது, அதற்குள் நிறையப் பார்க்கலாம். ஆணுக்குக் கன்னமும் உதட்டோரமும் கறுப்பாக இருக்கும். நீங்கள் பார்த்ததற்குக் கறுப்பு இருந்ததா? காது மடிப்பு, காது ஓட்டை ஏதாவது தெரிந்ததா? பிடரியில் முள் வரிசை நீளமாக இருந்ததா, நாலைந்து முள்ளோடு நின்றுவிட்டதா? இந்த மூன்றையும் சொன்னால் போதும், முடிவுக்கு வந்துவிடலாம்.

பனிக்கொழுந்து

நன்றி அண்ணே. கன்னத்தில் கறுப்பு இல்லை. காது ஓட்டையை நான் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை, கண்ணுக்குப் பின்னால் செதில்தான் இருந்தது. பிடரியில் கொஞ்சம் முள் மாதிரி இருந்தது, முதுகு முழுவதும் இல்லை. செதில்கள் ஒரே அளவில் இல்லை, சிலது பெரியது, சிலது சின்னது, கூரை ஓடுகளை ஒழுங்கில்லாமல் அடுக்கிய மாதிரி.

நெலுப்பூ

தம்பி, நீங்கள் பார்த்தது கோஃபோட்டிஸ் சிலானிக்கா. ஆங்கிலத்தில் குள்ளப் பல்லி என்று அழைக்கிற இனம். காது ஓட்டை வெளியே தெரியாது, செதில்கள் பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும், வாயிலிருந்து தோளுக்கு வெளிறிய கோடு, தண்டைச் சுற்றிப் பிடிக்கிற வால், அதோடு அந்த நிதானம். இவ்வளவும் ஒன்றாகச் சேர்வது நம் மலையில் வேறு எதற்கும் இல்லை. படம் இல்லாவிட்டாலும் நீங்கள் சொன்ன விவரம் போதும், அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

கருங்கன்ன ஓணானாக இருந்திருந்தால் நீங்கள் கத்தியோடு அந்தத் தூரத்தில் நின்றதுமே தண்டுக்கு மறுபக்கம் திரும்பி ஒளிந்து, அடுத்த நொடி புதருக்குள் போயிருக்கும். அதன் வால் நீளமானது, ஆனால் சுற்றிப் பிடிக்காது. கோஃபோட்டிஸின் வால் ஐந்தாவது காலைப் போல வேலை செய்கிறது. மெல்லிய கிளையில் நகரும்போது முன்கால் அடுத்த கிளையைப் பிடித்து உறுதியான பிறகுதான் வால் பழைய பிடியை விடும். பாசி படர்ந்த மரம், பன்னம், மெல்லிய கொப்பு, குட்டை மூங்கில் தண்டு, இதுதான் அதன் உலகம். தரையில் விட்டால் தடுமாறும்.

சீனத்துப் புல் பல்லியோடு ஒப்பிட்டதில் தவறில்லை, புல்லில் பச்சையாக ஒன்று இருந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் இரண்டும் எதிர்த் திசையில் போன உயிர்கள். புல் பல்லிக்கு வால் உடலைப் போல இரண்டு மடங்குக்கும் கூட, சில இனங்களில் மூன்று மடங்கையும் தாண்டும். அந்த நீள வாலால் எடையைப் பரப்பிக்கொண்டு புல் நுனிகளின் மேல் விறுவிறுவென்று ஓடும், பிடித்தால் வாலை அறுத்துவிட்டுத் தப்பும், வால் பிறகு வளரும். காது ஓட்டை நன்றாகத் தெரியும். நம்முடையது ஓணான் குடும்பம். ஓடித் தப்புகிற பழக்கம் இல்லை, வாலை அறுத்துப் போட்டுத் தப்பவும் முடியாது, அறுந்தால் வீட்டுப் பல்லிக்கு வளர்வது போல வளராது. அசையாமல் இருப்பதும் பாசியின் நிறத்தில் இருப்பதும்தான் அதற்கு இருக்கிற ஒரே காவல்.

இலங்கையில் ஓணான் குடும்பத்தில் 20க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. கோஃபோட்டிஸைப் பொறுத்தவரை இனம் மட்டுமல்ல, அந்தப் பேரினமே இலங்கைக்கு மட்டும் உரியது, அதிலும் மத்திய மலைநாட்டுக் குளிரில் மட்டும். பெர்லினில் இருந்த விலங்கியல் அறிஞர் பீட்டர்ஸ் 1861இல் இதற்குப் பெயர் வைத்தார். நக்கிள்ஸ் மலையில் இருப்பது தனி இனம் என்று 2006இல்தான் பிரித்தார்கள், அது கோஃபோட்டிஸ் தும்பரா. உலகம் முழுக்கத் தேடினாலும் இந்த இரண்டு மட்டும்தான். சீனாவில் இருக்கிற பல்லி இங்கே இருக்கிறதா என்று கேட்டு வந்தீர்கள், உங்கள் பாத்திக்கு மேலே இருப்பது சீனாவிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கி கண்டிக்குப் போனால் அங்கேயும் இல்லை. எனக்கு இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதன் வயிறு இரண்டு பக்கமும் உப்பி இருந்ததா?

மஸ்கெலியா மைந்தன்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். மூக்கில் கொம்பு இருக்கிற ஓணானும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது? சின்ன வயதில் சிவனொளிபாதமலைக்குப் போகிற வழியில் ஒன்று பார்த்திருக்கிறேன். இதுவும் அதன் குட்டியாக இருக்கலாமோ?

நெலுப்பூ

அது செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி, ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் அதே பாசிக் காட்டில் இதோடு சேர்ந்துதான் வாழ்கிறது. குட்டியாக இருக்க முடியாது. ஸ்டொடார்ட்டியின் வால் இப்படித் தண்டைச் சுற்றாது, உடம்பின் செதில்களும் வேறு மாதிரி. பெண்ணுக்குக் கொம்பு சின்னதாகவோ இல்லாமலோ இருப்பதால் கொம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அதனால் உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் தம்பி சொன்ன வாயோரக் கோடும் பிடிக்கிற வாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

பனிக்கொழுந்து

ஆமாம் அக்கா, வயிறு உப்பித்தான் இருந்தது. நான் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்தேன். முட்டையா? அப்படியென்றால் அந்தப் புல்லில் எங்காவது முட்டை போட்டிருக்குமா, நான் அறுக்கும்போது பார்த்து அறுக்க வேண்டுமா?

பெரியப்பா விஷயமும் கொஞ்சம் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை, இரண்டு போகம் உருளைக்கிழங்கு விலை சரிந்ததால் கஷ்டத்தில் இருக்கிறார். புல்லை வெட்டி, காய்ந்ததும் நெருப்பு வைத்துவிட்டால் சாம்பலும் உரமாகும் என்று சொல்கிறார். பல்லிக்காக நிலத்தை விடச் சொன்னால் சிரிப்பார். நான் என்ன சொல்லிப் புரிய வைப்பது?

நெலுப்பூ

முட்டை இல்லை, குட்டி. இந்த இனம் குட்டி போடும். கருங்கன்ன ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிடும், கொம்பு ஓணானும் அப்படித்தான், இது மட்டும் முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து முழுக் குட்டிகளாக வெளியே விடும், ஒரு ஈற்றில் ஒரு சிலதான். ஓணான் குடும்பத்தில் இது ரொம்ப அபூர்வம். திபெத் பீடபூமியில், நாம் நினைத்துப் பார்க்க முடியாத குளிரில், தரையில் வாழ்கிற தேரைத்தலை ஓணான்கள் சிலவும் குட்டிதான் போடுகின்றன.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் குளிர். மலை மண்ணில் முட்டையைப் புதைத்தால் பொரிக்கத் தேவையான சூடு கிடைப்பது கஷ்டம், தாய் வயிற்றில் வைத்திருந்தால் வெயில் பட்ட இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து குட்டிகளுக்கும் சேர்த்துச் சூடு வாங்கிக்கொள்ளலாம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே குளிரில், அதே காட்டில், பக்கத்து மரத்தில் இருக்கிற கொம்பு ஓணான் முட்டை போட்டே பிழைத்து வருகிறதே, அதனால் குளிர் ஒன்றே முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது இதை உங்கள் நிலத்தோடு சேர்த்துப் பாருங்கள். வயிறு நிறையக் குட்டியோடு இருக்கிற ஒரு தாய், சாதாரணமாகவே மெதுவாக நகர்கிறது, வெயில் படுகிற காட்டோரப் புதருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. காட்டுக்குள் நிழலும் ஈரமும், உங்கள் பாத்தியில் ஒதுங்க இடம் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டில்தான் அதற்கு வெயிலும் கிடைக்கிறது, மறைவும் கிடைக்கிறது. நெருப்பு வைத்தால் முயல் ஓடும், பாம்பு போய்விடும், கருங்கன்ன ஓணான்கூடத் தப்பும். இது தண்டைப் பிடித்தபடி அங்கேயே இருக்கும்.

இன்னொன்று, கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். சிலர் இருந்த இடத்திலிருந்து பிரித்தெடுத்து அழகான பாசிக் கொப்பில் வைத்துப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுப் போகிறார்கள். வாலின் பிடியை இழுத்துப் பிரிக்கும்போது காயப்படும், குட்டி சுமக்கிற தாயாக இருந்தால் அதைவிட மோசம்.

கங்காணி பேரன்

தம்பி, உங்கள் பெரியப்பாவிடம் பல்லியைப் பற்றி முதலில் பேசாதீர்கள், கானைப் பற்றிப் பேசுங்கள். நானும் கந்தப்பளை பக்கம் கோவா, கரட் செய்கிறவன்தான், உருளைக்கிழங்கு விலை சரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேல் பாத்திக்கு மேலே, கானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புல்லை வெட்டினால் முதல் பெருமழைக்கே மேட்டு மண் இறங்கிக் கானை அடைக்கும். கான் அடைத்தால் தண்ணீர் பாத்தி மேலால் பாயும், லீக்ஸ் வேரோடு கிளம்பும். மூங்கில் வேரும் புல் வேரும் பிடித்து வைத்திருக்கிற மண் அது. எங்கள் பக்கத்தில் ஓரம் வரைக்கும் வெட்டிப் பாத்தி போட்டவர்கள் ஒவ்வொரு மழைக்கும் மண் வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தக் கூலியைக் கணக்குப் போட்டால் அந்தச் சில பாத்தியில் வருகிற காசு நிற்காது. இதைச் சொன்னால் எந்த விவசாயியும் கேட்பான்.

இரண்டாவது, எல்லைக் கல். அந்தத் துண்டு உங்கள் காணி உறுதிக்குள் வருகிறதா, கல்லுக்கு அந்தப் பக்கமா என்று பாருங்கள். காட்டோரம் என்றால் பெரும்பாலும் ஒதுக்குக் காட்டின் எல்லைக் கல் எங்காவது புல்லுக்குள் புதைந்திருக்கும். அதைத் தாண்டி வெட்டினால் அது அரச காடு, வழக்காகிவிடும். நெருப்பு வைத்து அது காட்டுக்குள் போனால் சொல்லவே வேண்டாம். பெரியப்பாவைக் காப்பாற்றுகிற பேச்சாகத்தான் இதைச் சொல்ல வேண்டும், மிரட்டுகிற மாதிரி இல்லை.

சரி, மாட்டுக்குப் புல் வேண்டும், அறுக்கத்தான் செய்வீர்கள். காலையில் பனி விலகும் முன் அறுக்காதீர்கள். அந்த நேரம் இந்த மாதிரி உயிர்கள் விறைத்துப் போய் இருக்கும், கத்தி வந்தாலும் நகர முடியாது. வெயில் ஏறிய பிறகு, கீழ்ப் பக்கமாகத் தொடங்கிக் காட்டுப் பக்கம் நோக்கி அறுங்கள், அப்படியென்றால் அவை காட்டுக்குள் ஒதுங்க வழி இருக்கும். ஒரே மூச்சில் முழுவதையும் அறுக்காமல் பகுதி பகுதியாக, முதலில் அறுத்த இடம் தலை நீட்டிய பிறகு அடுத்தது. மூங்கிலையும் புதரையும் தொட வேண்டாம்.

மருந்து அடிக்கிற விஷயமும் உண்டு. காற்று காட்டுப் பக்கம் அடிக்கும்போது மேல் பாத்திக்குப் பூச்சி மருந்து அடித்தால் எல்லாம் அந்தப் புதரில் போய்த்தான் படியும். பூச்சி செத்தால் ஓணானுக்குச் சாப்பாடு இல்லை, மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் அதற்கே ஆபத்து. காற்று இறங்கிய நேரத்தில் அடியுங்கள், மருந்தும் மிச்சமாகும்.

ஹக்கலைக்காரன்

நெலுப்பூ சொன்னது சரி, கோஃபோட்டிஸ்தான், காது ஓட்டை இல்லை என்ற இடத்திலேயே கருங்கன்ன ஓணான் இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு முக்கியமான விஷயம். பட்டிப்பொல பக்கம் என்று எழுதியது வரைக்கும் பரவாயில்லை, அது பெரிய இடம். அதற்கு மேல் தோட்டத்தின் பெயர், பாதை வளைவு, எந்தக் கான் என்று எதையும் இங்கே எழுத வேண்டாம். நல்ல படம் கிடைத்தாலும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். நம் மலை ஓணான்களுக்கு வெளிநாட்டில் கள்ளச் சந்தை இருக்கிறது, கூண்டில் வளர்க்கிறவர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள். ஓடாத விலங்கைப் பிடிப்பதற்குத் திறமை எதுவும் வேண்டாம், இருக்கிற இடம் தெரிந்தால் போதும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் சைட்டிஸ். 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் இலங்கை கேட்டு, கோஃபோட்டிஸின் இரண்டு இனங்களையும் முதலாம் பட்டியலில் சேர்த்தார்கள். வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது அதோடு முழுத் தடை. கருங்கன்ன ஓணானும் அதே பட்டியலில் இருக்கிறது, கொம்பு ஓணான் அனுமதியோடு மட்டும் கொண்டுபோகக்கூடிய இரண்டாம் பட்டியலில். இங்கே உள்ளூரிலும் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. தெரியாத ஆட்கள் யாராவது வந்து ஓணான் காட்டச் சொன்னால், பிடித்துத் தந்தால் காசு என்று பிள்ளைகளிடம் சொன்னால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அப்புறம் காகம். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் சோற்றுப் பார்சல் மிச்சத்தைப் போட்டுவிட்டு வருவதால் காகம் கூடிவிட்டது, அது ஓணான்களைக் கொத்திக்கொண்டு போகிறது. உங்கள் வீட்டுக் குப்பையையும் அந்தக் கானோரத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனை இருந்தால் அது அதைவிடப் பெரிய ஆபத்து.

ரங்கலை மலர்

நாங்கள் நக்கிள்ஸ் பக்கம். இங்கே ஏலக்காய்க் காட்டுக்குள் இலை மாதிரி மூக்கு நீண்ட ஓணானைத்தான் ஆட்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். தும்பராவை நான் இதுவரை பார்த்ததில்லை. மேலே எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும், அக்கா?

நெலுப்பூ

நீங்கள் பார்ப்பது செரட்டோஃபோரா டென்னென்ட்டி, அதுவும் உங்கள் மலைத்தொடரில் மட்டும் உள்ளது. தும்பரா அதைவிட உயரமான, மேகம் படிகிற காட்டில் இருக்கிறது, மிகக் குறுகிய பரப்பு. நான் இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன் தங்கச்சி, தேடிப் போக வேண்டாம். பாசிக் கிளைகளை விலக்கி விலக்கித் தேடும்போது நாம் கெடுப்பது அது ஒதுங்கி இருக்கிற இடத்தைத்தான். ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்களிடம் வாலைச் சுற்றிப் பிடிக்கிற ஓணான் என்று மட்டும் சொல்லி வையுங்கள், தானாகக் கண்ணில் பட்டால் சொல்வார்கள்.

பனிக்கொழுந்து

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் கான் விஷயத்தைச் சொன்னேன், கங்காணி பேரன் அண்ணன் சொன்ன அதே வரிசையில். போன மழைக்குக் கீழ் வீட்டுக்காரர் பாத்தியில் மண் இறங்கியதை அவரே ஞாபகப்படுத்தினார். எல்லைக் கல்லையும் தேடினோம், மூங்கிலுக்குள் பாசி பிடித்துப் போய் இருந்தது. துண்டில் பாதிக்கு மேல் கல்லுக்கு அந்தப் பக்கம்தான். நெருப்பு வைக்கிற பேச்சை விட்டுவிட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிற புல்லை மட்டும் மாட்டுக்கு அறுப்போம், வெயில் ஏறின பிறகு, நீங்கள் சொன்ன மாதிரிப் பகுதி பகுதியாக.

குட்டி போடும் என்று சொன்னதும் பெரியம்மாதான் முதலில் கேட்டார், அப்படியென்றால் மழைக்காலத்தில் குட்டிகளை எங்கே வைத்துக் காப்பாற்றும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா, தெரிந்தால் எழுதுங்கள்.

நெலுப்பூ

காப்பாற்றாது தம்பி, பிறந்த அன்றே குட்டிகள் தனியாகத் தொற்றிக்கொண்டு போய்விடும், தாய் பிறகு கவனிப்பதில்லை. அதனால் புல் அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னக் குட்டிகள் தண்டுகளில் இருக்கலாம். அறுத்த புல்லைக் கட்டும் முன் கொஞ்ச நேரம் புதரோரத்தில் பரப்பிப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், இருந்தால் இறங்கிப் போய்விடும்.